வெறும் சீட்டில் சைத்தான் குந்துவான்

முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரு நாளாவது நிம்மதியாகக் கார் ஓட்டியதில்லை. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஊரார் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரமும் போதாது. ரோட்டில் யார் நடந்தாலும் அவருடைய கை என் தோளில் வந்து விழும். நிப்பாட்டு தம்பி என்பார். எந்த ஊர், என்ன சாதி, குளித்தவனா குடித்தவனா என்றெல்லாம் விசாரணை கிடையாது. பின்கதவைத் தானே எட்டித் திறந்துவிட்டு, உள்ளே தள்ளிக் குந்தச் சொல்வார். கொழுந்துக் கூடையோடு ஏறுவார்கள், கோழியோடு ஏறுவார்கள், சேறு பூசிய காலோடு ஏறுவார்கள். சாயங்காலம் அந்தக் காரைக் கழுவுகிறவன் நான்தான். அதை அவர் யோசித்ததே இல்லை.

கேட்டால் ஒரே பதில்தான் வரும். "வெறும் சீட்டுல சைத்தான் குந்துவான் தம்பி."

அவர் மரக்கறி வியாபாரி. வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் வாங்கி, கொழும்புப் புறக்கோட்டைக்கு லொறியில் அனுப்புவார். நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். கொழும்புக்கு லொறி, ஊருக்குள் கார் என்று இரண்டுக்கும் அவரிடம் நானே டிரைவர். ஆள் பனைமரம். இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. அந்தத் தொப்பி காரின் கூரையில் உரசி உரசி, அந்த இடத்தில் துணி நைந்தே போயிருந்தது. இவ்வளவு உயரமான ஆள் யாருக்காகவும் குனிந்து நான் பார்த்ததில்லை. மற்ற வியாபாரிகள் துரைமார் பங்களாவில் வளைந்து நெளிந்து நிற்பார்கள். இவர் நிமிர்ந்து நின்றே வியாபாரம் பேசுவார்.

ஒரு தடவை ஒரு பெரிய தோட்டத்துத் துரையின் கார் வழியில் பழுதாகி நின்றது. முதலாளி துரையைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மழையில் நனைந்து போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளி தென்பட்டான். தோளில் கை விழுந்தது. நான் கண்ணாடியில் துரையின் முகத்தைப் பார்த்துத் தயங்கினேன். துரை இங்கிலீசில் ஏதோ முணுமுணுத்தார். முதலாளி திரும்பக்கூட இல்லை. "தொரைக்கும் ஒரு சீட்தான் தம்பி, நிப்பாட்டு" என்றார். ஈரம் சொட்டச் சொட்ட அந்த மனுசன் துரையின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தான்.  அந்தத் தோட்டத்து வியாபாரம் அதோடு போச்சு என்று நினைத்தேன், போகத்தான் செய்தது. 

நல்லவன் மட்டும்தான் ஏறினான் என்றும் சொல்ல முடியாது. எல்ல என்கிற ஊரில் ஏறித் தெமோதரையில் இறங்கிய ஒரு பாவி, காலடியில் கிடந்த, டயர் மாற்றும் ஜக்கைத் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அதே இடத்தில் கை மறுபடி என் தோளுக்கு வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்றுப் பட்டது போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எடுத்தவன் ஜக்கத்தான எடுத்தான், சீட்ட எடுக்கலியே" என்றார். இந்த ஆளோடு பேசி ஜெயிக்க முடியாது.

அவருடைய வீட்டம்மா பாவம். கல்யாண வீட்டுக்கென்று பட்டுடுத்திக் காரில் ஏறினால், பாதி வழியில் ஒரு மூட்டை முருங்கைக்காய் மடிமேல் வந்து உட்காரும். இந்த மனுசனோடு தனியாக ஒரே ஒரு தடவை கார் ஏறிவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்று அந்த அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். ஒரு நாற்காலி வெறுமையாக இருந்தால் சோறு இறங்காது. கடைக்குக் கிழங்கு கொண்டுவந்த கமக்காரன், தபால்காரன், எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவன் என்று எவனையாவது கூப்பிட்டு உட்கார வைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

லொறியும் அப்படித்தான். மரக்கறி இறக்கிவிட்டுப் புறக்கோட்டையிலிருந்து வெறும் லொறியாகத் திரும்பினால் அவருக்குத் தூக்கம் வராது. சரக்குக் கிடைக்காத நாளில் பள்ளிக்கூடத்து மேசை, யாரோ ஒருத்தியின் சீதனக் கட்டில் என்று எதையாவது ஏற்றி வரச் சொல்வார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியும் அந்த லொறியில்தான் மலையேறியது. ஒரு முஸ்லிமின் லொறியில் மணி வருகிறதே என்று யாரோ கேட்டதற்கு, வெறும் லொறி வருவதைவிட மணி வருவது நல்லம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் என் அம்மா தினமும் விளக்கு ஏற்றுவாள்.

அம்மா அந்தத் தோட்டத்தை விட்டு அசையமாட்டேன் என்றவள். எங்கள் பங்காளிக் குடும்பங்கள் எல்லாம், பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள் என்று ஒவ்வொன்றாகப் பாஸ்போட்டு வந்து, பெட்டி கட்டி, இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டன. எங்களுக்கும் மனு எழுதிப் போடச் சொன்னார்கள். அப்பா படுத்திருக்கிற மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அப்படித்தான் அப்பா குடும்பத்தில் அம்மாவும் நானும் என் தங்கையும் அவள் புருசனும் மட்டும் இங்கே மிஞ்சினோம்.

இனி அவர் ஒரு விமானம் பிடித்த கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. பெய்த மழையில் ஹல்துமுல்லைப் பக்கம் மலையே வழுக்கி ரோட்டில் விழுந்தது. கோச்சி ஓடும் ரயில் பாதையிலும் மண். நுவரெலியாப் பக்கம் பாலம் உடைந்தது. எங்கள் ஊவா மலைநாட்டுக்கும் கொழும்புக்கும் எந்த வழியும் இல்லை. நான் லொறியோடு புறக்கோட்டையில் மாட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளிக்கு ஒரு பெரிய வியாபாரம் கூடி வந்திருந்தது. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு மரக்கறி கொடுக்கும் ஒப்பந்தம். குறித்த நாளில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், விட்டால் இன்னொருத்தனுக்குப் போய்விடும். மற்றவனாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவர் இரத்மலானைக்குத் தொலைபேசி போட்டு, வாடகைக்கு ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பேசிவிட்டார். காலையில் தியத்தலாவைப் பட்டாளத்து மைதானத்தில் வந்து ஏற்ற வேண்டும், பின்னேரம் கொண்டுவந்து விட வேண்டும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று விமானக்காரர்கள் கேட்டார்களாம். எத்தனை சீட் இருக்கிறது என்று இவர் திருப்பிக் கேட்டாராம். மூன்று என்றார்கள். அப்படியானால் மூன்று பேர் என்று சொல்லிவிட்டார். அந்த நிமிடம் வரைக்கும் போக இருந்தது அவர் ஒருத்தர்தான்.

பண்டாரவளைக் கடைவீதியே கூடிச் சிரித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கோவா கெழங்கு விக்கிறவனுக்கு ஆகாயக் கப்பல் கேக்குதாம் என்றார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கண் ஆப்பரேசனுக்கு நாள் குறித்துவிட்டுப் போக வழியில்லாமல் தவித்த ஒரு வெலிமடைக் கமக்காரரையும், அவர் மனைவியையும் தேடிப் பிடித்து ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்.

அவர் வருவது எனக்குத் தெரியாது. லொறியின் பின்பலகையில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். சந்தைக் கூட்டத்துக்கு மேலே அந்தத் தொப்பி வருகிறது. முதலில் நான் நம்பவில்லை. மலையில் வழியில்லாத நேரத்தில் இந்த மனுசன் எப்படி இங்கே? கிட்ட வந்தவர் என் பக்கத்தில் பலகையில் ஏறி உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை. 

"தம்பி, ஒன்ட அம்மா மௌத்தாகிட்டாங்க. வெள்ளென ஒன்ட மச்சான் கடைக்கு வந்து சொன்னாரு. பொழுது சாய முந்தி நீ அங்க நிப்ப. எழும்பு."

பிளேன்டீ கையிலிருந்து விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரே மகன் நான். எங்கள் தோட்டத்தில் புதைப்பதுதான் வழக்கம், ஆனாலும் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் நடக்க மகன் வேண்டும். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அதற்குமேல் எனக்காக வைத்திருக்க மாட்டார்கள். நடுவில் இத்தனை மலையும் இடிந்து கிடக்கிறது. எப்படிப் போவது என்று கேட்டேன். பிளேன் இருக்கு என்றார், ஏதோ பஸ் இருக்கு என்கிற மாதிரி.

டாக்சியில் போய்க் கப்பல் கம்பனி ஆபீசில் அவர் கையெழுத்துப் போட்டு வரும் வரைக்கும் வெளியே அழுதுகொண்டிருந்தேன். வந்து ஏறினார். நேரே இரத்மலானைக்கு என்று பார்த்தால், டாக்சிக்காரனிடம் கோட்டை ரயில் நிலையத்துக்கு விடச் சொல்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. வரும்போது மூன்று பேர் வந்தார்கள். போகும்போது அவரும் நானும் இரண்டு பேர். ஒரு சீட் வெறுமை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ரெண்டு மணிக்குப் பிறகு தியத்தலாவையில் பனிமூட்டம் இறங்கிவிடும், அதற்குமுன் இறங்காவிட்டால் திரும்பிவிடுவேன் என்று விமானி சொல்லி அனுப்பியிருந்தாராம். அதை முதலாளியே என்னிடம் சொல்லியுமிருந்தார். பத்து வருசத்தில் முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன்.

"மொதலாளி, அங்க செத்துக் கெடக்கிறது எங்கம்மா."

"தெரியும் தம்பி" என்றார். "ஒன்னப் போல தவிக்கிற ஒருத்தர் அங்கயும் நிப்பாங்க. ஒரு சீட் இருக்குதே."

 எனக்கு மனம் ஆறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோட்டை நிலையத்தில் மலைநாட்டுச் சனமெல்லாம் பெட்டி மேலும் பை மேலும் குந்தியிருந்தது. நடுவில் போய் நின்று, தமிழிலும் சிங்களத்திலும் அவர் உரக்கக் கேட்டார். பதுளைப் பக்கம் இன்றைக்கே போயாக வேண்டியவர் யார், விமானத்தில் ஓர் இடம் இருக்கிறது என்றார். பைத்தியம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். கோட்டும் டையும் போட்ட ஒரு கனவான் மட்டும் நம்பி, விமான வாடகை முழுவதையும் தானே தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சீட் விக்கிறதுக்கு இல்ல மாத்தையா என்று சொல்லி அவரைக் கடந்து போனார் முதலாளி.

தூணோரம் ஒரு சிங்களப் பெண் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளிதான் போய் விசாரித்தார். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஒரே நாளில் திரும்புவதாகச் சொல்லி வந்தவள், பதுளையில் கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் பழக்கமில்லை.  சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. என் ஆத்திரமெல்லாம் வடிந்துபோய் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளுடைய பையை நானே தூக்கிக்கொண்டேன்.

விமானம் என்றால் பெரிதாக நினைத்திருந்தேன். எங்கள் காரைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முதலாளி விமானிக்குப் பக்கத்தில், முழங்கால் இரண்டும் நாடியில் முட்ட மடங்கி உட்கார்ந்தார். பின்னால் நானும் அந்தப் பெண்ணும். அது ஓடி, குலுங்கி, தரையை விட்டபோது என் வயிறு மட்டும் கீழேயே நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், எத்தனை பெரிய கொழும்பு, ஒரு நிமிடத்தில் ஓட்டுக் கூரையும் தென்னந்தோப்புமாக முடிந்துபோனது.

முதலாளி கண்ணைத் திறக்கவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஓதிக்கொண்டே வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனுசனுக்கு உயிர் போகிற பயம். வாடகை கொடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார், சும்மா ஏறியவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வருகிறேன். பெரகல தாண்டும்போது கண்ணைத் திறக்காமலேயே என்ன தெரியுது தம்பி என்று கேட்டார்.

சொன்னேன். நான் ராப்பகலாக ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துக் கை வலித்த வளைவுகளெல்லாம், கீழே விழுந்த ஒரு நூலாகக் கிடந்தன. மலை இடிந்த இடம் பச்சையின் நடுவே சிவப்பாகப் பிளந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லொறிகள் நெருப்புப் பெட்டி மாதிரி வரிசையாக நின்றன. தேயிலை மலைகள் எண்ணெய் வைத்து வாரிய தலையாக இருந்தன. இவ்வளவு அழகான இடத்திலா நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று பிரமித்துப் போனேன். எங்கள் தோட்டத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே இருந்து பார்த்தால் எல்லாத் தோட்டமும் ஒன்றுதான், எல்லா லயமும் ஒரே தகரம்தான். அதில் ஏதோ ஒரு தகரத்துக்கு அடியில் அம்மா படுத்திருக்கிறாள். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

தியத்தலாவைக்கு வந்தபோது மூட்டம் இறங்கியிருந்தது. மைதானமே தெரியவில்லை. விமானி ஒரு சுற்று சுற்றினார், இன்னொரு சுற்று சுற்றினார். திரும்பிவிடுவோம் என்றார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது முதலாளி கண்ணைத் திறந்தார். கீழே பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் குரல் நடுங்கவில்லை. "ஒங்களுக்கு ஏலுமெண்டா இன்னொரு சுத்து சுத்துங்க மகன். ரெண்டு வீட்டுல பாத்துக்கிட்டிருக்காங்க" என்றார். மூன்றாவது சுற்றில் மூட்டம் ஓரிடத்தில் கிழிந்து புல் தெரிந்தது. விமானி அதற்குள் விட்டு இறக்கினார். மண்ணில் கால் வைத்ததும் முதலாளி அங்கேயே குந்திவிட்டார். 

கடை வேனும் காரும் வந்திருந்தன. அந்தப் பெண்ணை வேனில் பதுளைக்கு அனுப்பினார். அதிலும் பதுளைக்குப் போகிற நாலு பேரைத் தேடி ஏற்றிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். காரை வேறு ஆள் ஓட்டட்டும் என்றார்கள், நான் கேட்கவில்லை. அவர் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புத்தளை தாண்டி தோட்டத்து ரோட்டில் இறங்கும்போது ஒரு கிழவி குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. அன்றைக்கு அவருடைய கை என் தோளுக்கு வரவில்லை. கிழவியும் எங்கள் வீட்டுச் சாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

சாவு வீட்டுத் தப்பு மேளச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. வெளிச்சம் இன்னும் இருந்தது. தங்கை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அம்மாவைக் குளிப்பாட்டி, பாடையில் வைத்து, எனக்காகத்தான் காத்திருந்தார்கள். கொள்ளிச்சட்டியை என் கையில் கொடுத்தார்கள். தூக்கலாம் என்றபோது எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பாடையின் ஒரு முனையில் மச்சான். இரண்டு முனையில் அம்மாவின் அண்ணன் மக்கள். நாலாவது முனை பங்காளி தோள் கொடுக்க வேண்டிய இடம். பங்காளி யார் இருக்கிறார்கள்? எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம். தோட்டத்தில் ஆம்பிளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த இடத்தில் யார் நிற்கலாம் என்று பெரிய தலைகளுக்குள் பேச்சு கிளம்பியது. இந்தக் குடும்பம் நின்றால் அந்தக் குடும்பம் கோபிக்கும், அவன் முறை இல்லை, இவன் தொட்டால் ஆகாது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சட்டியில் நெருப்புச் சுட, என் அம்மாவுக்கு ஒரு தோள் இல்லையே என்று நான் வெந்துகொண்டு நின்றேன்.

முதலாளி தூரத்தில் கொய்யா மரத்தடியில் ஒதுங்கி நின்றவர். கோட்டைக் கழற்றிக் கூட வந்த கிழவியின் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டார். சேற்றில் வெறுங்காலோடு நடந்து வந்து, அந்த நாலாவது மூங்கிலைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"இந்த எடம் யாருக்கு?"

 கடைசியில் பழைய கங்காணித் தாத்தாதான் தயங்கித் தயங்கி, அது பங்காளி நிக்கிற எடம் மொதலாளி என்றார்.

"அப்ப நான் நிக்கிறேன். தம்பியும் நானும் பத்து வருசமா ஒரே வண்டி. அது போதாதா?"

போதாது என்று சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. அவர் குனிந்து தோளைக் கொடுத்தார். தப்பு அடித்தார்கள். நான் சட்டியோடு முன்னால் நடந்தேன்.

புதைகாடு தேயிலைக்கு நடுவே நல்ல ஏற்றத்தில் இருக்கிறது. சட்டி ஏந்துகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஒரு திருப்பத்தில் என்னால் முடியவில்லை, பார்த்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் அவருடைய நெஞ்சளவுதான். அவர் நிமிர்ந்து நடந்தால் பாடை ஒரு பக்கம் தூக்கி, அம்மா சரிந்துவிடுவாள். துரைக்குக் குனியாத அந்த மனுசன், அவர்கள் உயரத்துக்கு இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொண்டு, குந்தினாற்போலவே நடந்து வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் நடுவழியில் தோள் மாற்றினார்கள். அவருக்கு மாற்ற ஆள் இல்லை. குழி வரைக்கும் அப்படியே வந்தார். அம்மா ஒரு பக்கமும் சரியவில்லை.